ப்ளே ஸ்கூல் போர்டில் ‘மாண்டிசோரி’: அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் அம்மா யார்?

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கமோ, போளூர் சாலையிலோ, செங்கம் சாலையிலோ வண்டியில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கார்ட்டூன் வரைந்த காம்பவுண்டு சுவர், ஒரு சறுக்கு மரம், கலர் கலராக கேட். போர்டில் பள்ளியின் பெயர் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ‘மாண்டிசோரி’ என்ற சொல் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். விஜயதசமி அட்மிஷன் நோட்டீஸிலும் அதே சொல்தான். இரண்டரை வயதுக் குழந்தை வைத்திருக்கிற, ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஃபீஸ் எவ்வளவு, சிசிடிவி இருக்கா, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வேன் எந்த வழியாக வரும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஃபீஸைக் கூட்டிக் கேட்க வைக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

அது பாடத்திட்டத்தின் பெயரோ, கம்பெனியின் பெயரோ கிடையாது. ஒரு மனுஷியின் பெயர். இத்தாலியில் பிறந்து, சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் உலகப் போர்க் காலத்தைக் கழித்த ஒரு டாக்டர் அம்மாவின் பெயர்.

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 31, கியாரவல்லே என்ற இத்தாலியச் சிற்றூரில். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். அம்மா ரெனில்டே புத்தகப் பிரியர். குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. படித்த பெண்ணுக்கு அன்றைக்கு மரியாதையாகக் கிடைத்த வேலை டீச்சர் வேலைதான். மரியாவுக்கு அது மட்டும் வேண்டாம்! இன்ஜினீயர் ஆகணும் என்று பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் பள்ளியில் சேர்ந்தார். அப்புறம் மனசு மாறி மருத்துவத்துக்குப் போனார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு சாயங்காலத்தில் தனியாக அந்த அறைக்குள் போய்ப் படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

படித்து முடித்ததும் மனநல மருத்துவமனையில் வேலை. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை, பெரிய நோயாளிகளோடு சேர்த்து வெறும் அறையில் அடைத்து வைத்திருந்த காலம் அது. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம். காவலுக்கு இருந்த பெண்ணுக்கு அது அருவருப்பாகப் பட்டது. மரியாவின் கண்ணில் பட்டது வேறு. அந்த அறையில் தொட்டுப் பார்க்க, உருட்ட, அடுக்க வேறு எதுவுமே இல்லை. அவர்கள் வயிற்றுப் பசிக்காகப் பொறுக்கவில்லை, கைக்கு வேலை தேடினார்கள் என்று அவர் புரிந்துகொண்டார்.

இதர், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். கையால் தொட்டு அறியும் பொருட்களைச் செய்து அந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பள்ளிக் குழந்தைகள் எழுதும் தேர்விலேயே தேறினார்கள். ஊரே பாராட்டியபோது அவருக்குள் எழுந்தது வேறொரு கேள்வி. இவர்களே தேறுகிறார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் ஏன் இந்த அளவிலேயே நிற்கிறார்கள்? நம் பள்ளிக்கூடங்கள் அவர்களை என்ன செய்துகொண்டிருக்கின்றன?

இந்த வெற்றிக்கு நடுவில்தான் அவருடைய சொந்த வாழ்க்கையின் பெரிய காயம். கூட வேலை பார்த்த மருத்துவர் ஜுசெப்பே மொந்தேசானோவுடன் காதல். 1898-ல் மகன் மாரியோ பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணமாகாத தாய் என்று தெரிந்தால் அத்தனை உழைப்பும் ஒரே நாளில் போய்விடும். குழந்தையை ரோமுக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். மொந்தேசானோ சில வருஷத்தில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். மரியா அவ்வப்போது போய், யார் என்று சொல்லிக்கொள்ளாமல், மகனைப் பார்த்துவிட்டு வருவார். மாரியோ அவரோடு வந்து சேர்ந்தபோது பையனுக்கு ஏறத்தாழ 15 வயது. அதற்கப்புறமும் வெளியில் சொன்னது உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்றுதான். காலை எட்டரை மணிக்கு அழுகிற குழந்தையை கேட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிற அம்மாக்களுக்கு, இந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு அம்மா இருந்தார் என்பது தெரியட்டும்.

சுவரைக் காப்பாற்றத் திறந்த பள்ளி

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ பகுதி, கூலித் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஒரு கட்டுமான நிறுவனம் அங்கே பழைய கட்டடங்களைச் சீர்செய்து வாடகைக்கு விட்டிருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும், பள்ளி வயது வராத பொடிசுகள் மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கி, எல்லாவற்றையும் பாழாக்கின. வெள்ளையடிக்கிற செலவைவிட, பிள்ளைகளை ஒரு அறையில் உட்கார வைக்கிற செலவு குறைவு என்று கம்பெனி கணக்குப் போட்டது. பொறுப்பு மரியாவிடம் வந்தது. உலகம் முழுக்க இன்று அதிக ஃபீஸ் வாங்கும் பள்ளிகளின் போர்டில் இருக்கிற பெயர் பிறந்தது இப்படித்தான்: ஏழைத் தொழிலாளிகளின் 50-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்காக, ஒரு வீட்டு ஓனரின் சுவரைக் காப்பாற்ற. ‘குழந்தைகள் இல்லம்’ என்று பெயர் வைத்தார்கள்.

பயிற்சி பெற்ற டீச்சரை வைக்க அங்கே பணம் இல்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. பழைய முறைகள் எதுவும் தெரியாத ஒரு பெண்ணிடம் பொருட்களைக் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் காட்டிவிட்டு, மரியா ஓரமாக நின்று பார்த்தார். ஒரு சின்னப் பெண் மர உருளைகளைத் துளைகளில் பொருத்திக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் பாட்டுப் பாடினார்கள், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். அவள் நிமிரவே இல்லை, நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போலத் தெளிவாக எழுந்தாள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேதான் உடைந்தது.

இன்னொரு நாள் பொருட்கள் வைத்த அலமாரியைப் பூட்ட டீச்சர் மறந்துவிட்டார். வந்து பார்த்தால், குழந்தைகளே வேண்டியதை எடுத்து உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பூட்டு போய், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த ஷெல்ஃப் வந்தது. சின்ன மேஜை, சின்ன நாற்காலி, எட்டும் உயரத்தில் கைகழுவும் இடம் என்று இன்று எல்லா ப்ளே ஸ்கூலிலும் பார்க்கிற விஷயங்கள் பரவியதில் அந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு. மிட்டாய் கொடுத்து ஆசை காட்டுவதையும், தண்டனையையும் அவர் நிறுத்திவிட்டார். குழந்தைகள் மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததுதான் காரணம்.

எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லவே இல்லை. கேட்டது அங்கிருந்த அம்மாக்கள்! (ப்ரீ-கேஜியில் ஏன் இன்னும் எழுத வைக்கலை என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிற நம் பெற்றோருக்கு வரலாற்றில் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.) உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதினதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வித்தியாசம், இங்கே யாரும் விரலைப் பிடித்து இழுக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள், சாக்பீஸ் கையில் கிடைத்த ஒரு பையன் தானாகவே எழுதத் தொடங்க, மற்றக் குழந்தைகளும் தரை, கதவு, சுவர் என்று எழுதித் தள்ளிவிட்டன. கம்பெனிக்காரர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மௌன விளையாட்டு என்றும் ஒன்று வைத்திருந்தார். எல்லாக் குழந்தைகளும் அசையாமல் உட்கார்ந்து, கிசுகிசுத்த குரலில் தன் பெயர் வரும்வரை காத்திருக்கும். ரமண மகரிஷி மௌனத்தாலேயே போதித்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடையாறும் கொடைக்கானலும்

1909-ல் முதல் புத்தகம் வந்தது. 1913-ல் அமெரிக்கா போனபோது பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த வருஷமே கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் இது காலாவதியான உளவியல், கற்பனைக்கு இடமில்லாதது என்று ஒரு புத்தகமே எழுதி வேகத்தைக் குறைத்தார். அவர் சொன்னதில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடு. ஆறு வயதுக்கு முன் மாயக் கதைகள் வேண்டாம் என்பது மாண்டிசோரியின் பிடிவாதம். நிலாவில் பாட்டி வடை சுட்ட கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் இது ஒத்துவராது.

இத்தாலியில் 1924 முதல் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். பாசிச அரசின் பணத்தில் பள்ளிகள் பெருகின. பிள்ளைகள் சுயமாக யோசிக்கும் பள்ளியும், சீருடை போட்டு சல்யூட் அடிக்கச் சொல்லும் அரசும் எத்தனை நாள் ஒன்றாகப் போகும்? 1934-ல் முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அவர் வெளியேறி ஸ்பெயினுக்குப் போனால் அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர். அங்கிருந்து நெதர்லாந்து.

இந்தியா அவருக்கு முன்பே பழக்கம். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், மாண்டிசோரியின் எழுத்துகளைப் படித்து 1920-லேயே பாலமந்திர் தொடங்கியிருந்தார். 1931-ல் லண்டனில் காந்தி அவரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியில் பேசினார். 1939 இறுதியில் பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில், 69 வயதில், மாரியோவோடு சென்னை வந்தார். அடையாறில் கீற்றுக் கொட்டகை போட்டு முதல் பயிற்சி வகுப்பு. சுமார் 300 பேர், இந்தியாவின் பல மூலைகளிலிருந்து. அவர் இத்தாலியனில் பேசுவார், மாரியோ வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்வார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மா அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பாஷை தெரியாத ஊர், குரலாக இருந்த பிள்ளையும் பக்கத்தில் இல்லை. அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு, வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிப்பதாக. அதில் மாரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். நாற்பது வருஷமாக ஊர் முன்னால் சொல்ல முடியாமல் இருந்த உறவை, எதிரி நாட்டு அரசாங்கத்தின் தந்தி சொல்லிவிட்டது.

வெயில் தாங்காமல் 1942-ல் அம்மாவும் மகனும் கொடைக்கானல் போனார்கள், இரண்டு வருஷம் இருந்தார்கள். அங்கே எல்லா வயதுக் குழந்தைகளையும் சேர்த்து ஒரு சின்னப் பள்ளி. பாசி, பூச்சி, ஓடை, பாறை என்று மலையே பாடப்பொருள் ஆனது. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகள் பின்பற்றும் பாடங்களின் பெரும்பகுதி அந்த மலையில் உருவானது. சமவெளியில் அவர் கவனித்தது இன்னொன்று. நம் அம்மாக்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தை, கிணறு, கோயில், கல்யாணம் என்று எல்லா இடத்துக்கும் போகிறார்கள். குழந்தை எல்லாப் பேச்சையும் கேட்டு, எல்லாவற்றையும் பார்த்து வளர்கிறது. முதல் மூன்று வருஷத்தில் குழந்தையின் மனசு சுற்றியுள்ளதை உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து, அகமதாபாத் சொற்பொழிவுகளிலிருந்து புத்தகமாகி 1949-ல் அடையாறிலேயே அச்சானது.

கொழும்பு, கராச்சி, ஸ்ரீநகர் என்று வகுப்புகள் தொடர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி 1947-ல் வந்து 1949 வரை இங்கே இருந்தார். 1949, 50, 51 என மூன்று முறை அமைதி நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6-ல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் இறந்தார். அங்கேயே அடக்கம்.

போர்டு எழுத யார் அனுமதி?

உயிரோடு இருந்தவரை தன் முறையை யார் சொல்லிக்கொடுக்கலாம் என்பதில் அவர் மிகக் கறார். மருத்துவத்தை விட்டுவிட்டதால், பயிற்சி வகுப்புகளும் புத்தகங்களும்தான் அவருக்கு வருமானம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர் போன பிறகு கதை மாறியது. 1967-ல் அமெரிக்காவில் டிரேட்மார்க் வழக்கு ஒன்றில், மாண்டிசோரி என்பது ஒரு கல்விமுறையைக் குறிக்கும் பொதுச்சொல், எந்த அமைப்புக்கும் தனிச்சொத்து இல்லை என்று தீர்ப்பானது. நம் ஊரிலும் நடைமுறை அதுதான். பெயின்டரைக் கூப்பிட்டு போர்டில் எழுதிக்கொள்ள யாருடைய சான்றிதழும் தேவையில்லை. தமிழ்நாட்டில் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு 2015 முதல் தனி விதிமுறைகள் உண்டு, கல்வித் துறை அங்கீகாரம் கட்டாயம். அது கட்டடம், பாதுகாப்பு, ஆட்கள் பற்றியது. உள்ளே நடப்பது மாண்டிசோரியா என்று அந்தக் காகிதம் சொல்லாது.

அது உண்மையிலேயே முக்கியமா? முக்கியம்தான். அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்ட் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாண்டிசோரி பொருட்களை மட்டும் வைத்து ஒழுங்காக நடத்திய வகுப்புகளையும், அதோடு வொர்க்ஷீட், வழக்கமான பொம்மைகள் கலந்த வகுப்புகளையும், சாதாரண வகுப்புகளையும் ஒப்பிட்டார். முதல் வகை வகுப்புக் குழந்தைகள்தான் ஒரு கல்வியாண்டில் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

அதனால் போர்டைப் பார்க்காதீங்க, அறையைப் பாருங்க. காலை பத்து மணிக்கு அரைமணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். அசல் முறையில் மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கும். ப்ரீ-கேஜி தனி, எல்கேஜி தனி என்று பிரித்திருந்தால் அங்கேயே விஷயம் பாதி போச்சு. இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளியில்லாமல் குழந்தை தன் வேலையைச் செய்யும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பெல் அடித்தால் அந்த உருளைப் பெண்ணின் கவனம் வர வாய்ப்பே இல்லை. பொருட்கள் ஷெல்ஃபில் தூசியில்லாமல், எடுத்த தடத்தோடு இருக்கின்றனவா, அல்லது பெற்றோருக்குக் காட்ட மட்டும் கண்ணாடி பீரோவில் பூட்டியிருக்கா? மிஸ் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே குரலில் ரைம்ஸ் சொல்ல வைக்கிறாரா, தரையில் ஒரு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிறாரா? அவர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். அங்கீகார உத்தரவின் தேதியையும் பாருங்கள்.

இது எதுவும் இல்லாமலே நல்ல பள்ளியாக இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். அன்பான மிஸ், சுத்தமான கழிவறை, அழுதால் தூக்குகிற ஆயா, வீட்டிலிருந்து பத்து நிமிஷம் என்று இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் ஃபீஸ் மட்டும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், இன்னொரு இடத்தையும் எட்டிப் பாருங்கள். கிஜுபாயோடு வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். மாண்டிசோரி முறையை விலை குறைந்த உள்ளூர்ப் பொருட்களால் ஆதிவாசிக் குழந்தைகளுக்குக் கொண்டுபோக முயன்றார். வராத குழந்தைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பள்ளி நடத்தினார். முற்றத்துப் பள்ளி என்ற பொருளில் அங்கன்வாடி என்ற பெயர் அங்கிருந்து வந்தது; 1975-ல் மத்திய அரசு அந்தப் பெயரில் நாடு முழுக்க மையங்களைத் தொடங்கியது. 2019-ல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தார்கள். மையத்துக்கு மையம் தரம் மாறும், நேரில் பார்த்தால்தான் தெரியும். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடியின் போர்டில் மாண்டிசோரி என்ற பெயர் இருக்காது, ஃபீஸும் கிடையாது.